மறதி வந்தவரையும் கேளுங்கள்!

அம்மாபேட்டையில் தறிக்காரக் குடும்பம் ஒன்றின் வீட்டுக்குப் போயிருந்தோம். அந்த வீட்டுப் பெரியவர் ஐம்பது வருஷம் நாடா ஓட்டியவர். இன்று பெற்ற மகனின் பெயர் நினைவில்லை. சாப்பிட்ட கை காயுமுன் சோறு கேட்கிறார்.

“அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க, கவலையில்லாம இருக்காரு” என்றார் மகன். “கவலையெல்லாம் எங்களுக்குத்தான், அவருக்கு உசுரு மட்டும்தான் மிச்சம்” என்றார் மருமகள். பெரியவரிடமே கேட்டோம்: “எப்படி இருக்கீங்க, அய்யா?” “தார் சுத்தக் கொடுக்க மாட்டேங்கிறாங்க” என்றார்.

ஒரே வாழ்க்கை, மூன்று அளவு. எது சரி?

ஆலைத் தொழிலாளிக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. விலைவாசிப் புள்ளியில் எந்தச் சாமானைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் நமது பஞ்சப்படியே அடங்கியிருக்கிறது. அளவுகோலைப் பிடித்தவன் கையில்தான் தீர்ப்பும் இருக்கிறது.

டிமென்ஷியா என்று டாக்டர்கள் சொல்லும் இந்த மறதி நோய், இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். அதாவது, களையெடுத்து, நாற்று நட்டு முதுகு வளைந்த தாய்மார்களிடம் அதிகம்.

இவர்களை எப்படி அளக்கிறார்கள்? 1975இல் அமெரிக்காவில் வகுத்த பரீட்சைக்கு 30 மார்க். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க வேண்டும். ஒரு வாக்கியம் எழுத வேண்டும். படம் பார்த்து வரைய வேண்டும். பள்ளிக்கூட வாசலை மிதிக்க விடப்படாத பண்ணையாள் நோய் இல்லாமலே இதில் தோற்பார்! எழுத்தறியாதவர்களுக்காக இதை மாற்றியமைத்து, அரியானாவின் பல்லப்கரில் நடந்த ஆய்வில் இந்தியில் ஒரு பரீட்சை உருவாயிற்று. அது 1995இல் வெளிவந்தது.

ஆனால் ஞாபகத்துக்குப் போடும் மார்க், வாழ்க்கைக்குப் போடும் மார்க் ஆகாது. 1990களில் உலக சுகாதார ஸ்தாபனம் வாழ்க்கைத் தரத்தை அளக்க 15 நகரங்களில் வேலை செய்தது; சென்னையும் அதில் ஒன்று. ஒருவருடைய வாழ்க்கைத் தரம் என்பது தன் வாழ்நிலையை அவரே எப்படிக் காண்கிறார் என்பதுதான் என்று அது வரையறுத்தது. மறதி நோயாளிகளுக்கென்றே அமெரிக்காவில் பதின்மூன்று கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று வந்தது. உடல், மனநிலை, குடும்பம், வேலை செய்யும் திறன், பணம் எல்லாம் அதில் உண்டு. நோயாளியையும் கேட்கிறார்கள், பராமரிப்பவரையும் கேட்கிறார்கள். பெரும்பாலும் பராமரிப்பவர் போடும் மதிப்பு, நோயாளி போடுவதைவிடக் குறைவு. நோய் நடுத்தர நிலைக்கு வந்த பிறகும் பலரால் தங்கள் நிலையைச் சொல்ல முடிகிறது.

அப்படியானால் மருமகள் சொன்னது பொய்யா? இல்லை. மாமனாரைக் காவல் காக்கக் கூலி வேலையை விட்டவர் அவர். அவர் அளந்தது தன் பாரத்தையும் சேர்த்துத்தான். அதையும் கணக்கெடுக்க வேண்டும்; தனிக் கணக்காக எடுக்க வேண்டும்.

பெரியவருக்கு ஏன் தார் கொடுக்கவில்லை? நூல் சிக்கலாகிவிடும், நூலோ முதலாளியுடையது, வீணான நூலுக்குக் கூலியில் பிடித்தம்! ஒரு கிழவரின் கடைசிச் சந்தோஷத்தைப் பறித்தது மறதி மட்டுமல்ல, கூலி முறையுமாகும். முப்பது மார்க் பரீட்சை இதைக் கண்டுபிடிக்குமா? அவர் வாய் திறந்ததால் தெரிந்தது.

பணம் பற்றிய கேள்விக்கு வருவோம். 2007இல் விரிவாக்கிய முதியோர் உதவித்தொகையில் மத்திய சர்க்கார் வைத்த தொகை மாதம் 200 ரூபாய். தமிழக சர்க்கார் 2023இல் மொத்தத்தை 1,200 ஆக்கியது. இதை வாங்கும் முதியவர் அந்தக் கேள்விக்கு என்ன மதிப்புப் போடுவார்?

ஆகவே கோருகிறோம்: ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மருந்து தர 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மறதி வந்த முதியவரின் வாழ்க்கையையும் அவர் மொழியில், அவரையே கேட்டுப் பதியட்டும். பேச முடியாதவரின் முகத்தையும் கையையும் கவனித்து எழுதட்டும். பராமரிப்பவருக்கு இழந்த கூலிக்கு ஈடு தரட்டும். உதவித்தொகை வயிற்றுக்குப் போதுமானதாக உயரட்டும்.

தோழர்களே, சர்க்கார் கேட்கும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. சங்கம் கட்டிய பெரியவர்கள் நம் தெருவிலேயே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்று மாலையே அருகில் உட்கார்ந்து கேளுங்கள். பதில் வரத் தாமதமாகலாம், பொறுத்திருந்து கேளுங்கள்.