படத்தைப் பார்த்துக் காளான் சமைக்காதீர்கள்

இரண்டு நாள் மழை பிடித்தால் போதும், என் வாட்ஸ்அப்புக்குக் காளான் படங்கள் வரத் தொடங்கிவிடும். "நர்சம்மா, இது திங்கற காளானுங்களா?" மூலனூர் வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, சமைக்காதீர்கள்.

எங்கள் பக்கம் ஆசையாகத் தேடுவது புற்றுக்காளானை. அதன் தண்டு மண்ணுக்குள் வேர்போல நீண்டு இறங்கி, கறையான் கூட்டில் போய் முடியும். அனுபவப்பட்டவர்கள் சட்டென்று பிடுங்க மாட்டார்கள். குச்சியால் மண்ணைக் கிளறி அடிவரை பார்த்துத்தான் எடுப்பார்கள். புல்தரையில் வேறொரு வெள்ளைக் காளான் முளைக்கும். குடையின் மேல் பழுப்புச் செதில் இருக்கும், முற்றினால் குடையின் அடிமடிப்பில் பச்சை பாயும். இளசில் அந்தப் பச்சை தெரியாது. தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆளைச் சாய்த்துவிடும். மேலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் வெள்ளைக் குடைதான்.

மஞ்சள் போட்டோம், நிறம் மாறவில்லை என்பார்கள். வெள்ளிக் கரண்டி கறுக்கவில்லை என்பார்கள். பூச்சி தின்றிருக்கிறது, அதனால் நல்ல காளான் என்பார்கள். ஒன்றையும் நம்பாதீர்கள். அமனிட்டா இனத்தின் கொடிய காளான்களில் இருக்கும் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. உடனே காட்டிக்கொடுக்கவும் செய்யாது. பெரும்பாலும் 6 மணி முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வாந்தி தொடங்கும். பிறகு ஒரு நாள்போலத் தெளிந்து, கஞ்சி கேட்பார்கள். கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும் நேரம் அது. அந்தத் தெளிவை நம்பி நோயாளியை வீட்டுக்குக் கூட்டிப்போவதை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு பதறுகிறது. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் தின்று 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்தார்.

இதற்குப் பயந்து கீரையையும் விட்டுவிடக் கூடாது. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமிட்டிக்கீரை, சாரணைக்கீரை எல்லாம் காசில்லாமல் கிடைக்கும் சத்து. கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும்போதே இவற்றைக் கடைந்து சாப்பிடவும் சொல்லி அனுப்புவேன். களையெடுக்கப் போகும் பெண்கள் மடியில் கட்டி வந்து ராத்திரிச் சோற்றுக்குக் கடைந்துவிடுவார்கள். எந்த மண்ணில் எந்த மாதம் எது தலைகாட்டும், எதைக் கொழுந்தில் கிள்ள வேண்டும், எது பூத்தபின் ஆகாது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கைப்பேசிச் செயலி எதற்கும் அந்தக் கண் இல்லை.

அவர்களாலும் கண்டுபிடிக்க முடியாதது களைக்கொல்லி. வரப்பில் மருந்தடித்த மறுநாளும் கீரை பச்சையாகவே நிற்கும், வாடச் சில நாள் ஆகும். ஆகவே காட்டுக்காரரிடம் "எப்பங்க மருந்தடிச்சீங்க?" என்று கேட்காமல் ஒரு கொழுந்தைக்கூடக் கிள்ளாதீர்கள். சாக்கடை ஓரத்துக் கீரையும் வேண்டாம். கிழங்கு தோண்டும்போது இன்னும் கவனம் வேண்டும். எங்கள் வட்டாரத்தில் விதைக்காகப் பயிரிடும் கண்வலிக்கிழங்கு நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்குதான். அதை வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்றால் அதிலுள்ள கால்சிசின் உயிரைக் குடித்துவிடும்.

களையெடுக்கும் பெண்களை ஊராட்சிகள் பள்ளிக்கூடத்துக்கு அழைக்க வேண்டும். பிள்ளைகளைக் காட்டுக்கே கூட்டிப்போய், செடியைத் தொட்டு, முகர்ந்து பழக வைக்கட்டும். அந்த நாளுக்கு அவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள்; வாத்தியார் வேலைதானே அது?

காளான் தின்றவருக்கு வாந்தி வந்தால், அது நின்றுபோயிருந்தாலும் சரி, 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள். மிச்சமிருக்கும் காளானைக் காகிதத்தில் பொதிந்து கையோடு எடுத்துப்போங்கள்.