ஆள்பலக் கணக்கு வெளியே வரட்டும்

பெரிய நிறுவனங்களில் கணித மாதிரி கொண்டு பணியிடங்களை முடிவு செய்வது பற்றிய நிலைப்பாட்டு அறிக்கை, கொல்கத்தா

ஒரு நிறுவனத்துக்கு எத்தனை பேர் தேவை என்பதைக் கணித மாதிரி கொண்டு முடிவு செய்யலாமா? செய்யலாம், செய்யவும் வேண்டும் என்பதே எங்கள் மன்றத்தின் நிலைப்பாடு. ஆனால் மாதிரியின் விடையோடு அதன் அனுமானங்களும் வெளிவர வேண்டும். விடையை மட்டும் நீட்டிப் பணியிடங்களை ஒழிப்பதையும் முடக்குவதையும் ஏற்க மாட்டோம். புள்ளியியலாளர்கள், சுரங்க, ரயில்வே பொறியாளர்கள், பணியாளர் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் ஆகியோர் கூடிப் பேசி எடுத்த முடிவு இது.

கணக்கு ஏன் வேண்டும்?

2024 ஜனவரியில் ரயில்வே தேர்வு வாரியங்கள் உதவி லோகோ பைலட் பணிக்கு 5,696 இடங்களை அறிவித்தன. ஜூன் 17 அன்று வடக்கு வங்காளத்தின் ரங்கபானி அருகே காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது சரக்கு ரயில் மோதியது. அந்த மாதமே இடங்கள் 18,799 ஆக உயர்த்தப்பட்டன. விபத்துக்கு ஆள் பற்றாக்குறையே காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஐந்து மாதத்தில் நாட்டில் ஓடும் ரயில்கள் மும்மடங்கு ஆகிவிடவில்லை. ஜனவரியில் வந்த எண் தேவையைக் காட்டும் எண் அல்ல என்பது இதிலிருந்தே தெரிகிறது. அடுக்கடுக்கான தேர்வு, கண்பார்வைச் சோதனை, பயிற்சி எல்லாம் முடிந்துதான் ஒருவர் என்ஜினில் ஏற முடியும். பற்றாக்குறை கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஆள் தேடுவது எப்போதும் காலதாமதம்தான்.

கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட கோல் இந்தியா இன்னொரு பாடம். 1975இல் தொடங்கியபோது அதன் ஆண்டு உற்பத்தி 7.9 கோடி டன். 2023-24இல் அது 77 கோடி டன்னைத் தாண்டியது. ஒரு காலத்தில் 6 லட்சத்துக்கும் மேல் இருந்த நிரந்தரப் பணியாளர்கள் இன்று இரண்டரை லட்சத்துக்கும் கீழே. இந்தக் குறைவு பெரும்பாலும் ஓய்வு வழியாகவே வந்தது. ஓய்வு நாள் பணிப் பதிவேட்டில் முன்கூட்டியே எழுதியிருக்கிறது. எனவே இதைவிட எளிதாகக் கணிக்கக்கூடிய வெளியேற்றம் வேறில்லை.

உள்ளே வருவதைக் கணிப்பதுதான் கடினம். பணியில் இறந்தவரின் வாரிசுக்கு வேலை, நிலம் கொடுத்தவரின் குடும்பத்துக்கு வேலை என்று வருபவர்கள் பெரும்பாலும் அடிமட்டப் பணிகளில் சேர்கிறார்கள். பற்றாக்குறையோ சுரங்க வேலையை மேற்பார்வையிடும் மைனிங் சர்தார், ஓவர்மேன் இடங்களில் வருகிறது. தகுதிச் சான்றிதழ் இல்லாமல் அந்த இடங்களில் யாரையும் நிறுத்தச் சட்டம் இடம் தராது. மொத்தத் தலைக்கணக்கில் உபரி என்று தெரியும் சுரங்கத்திலேயே ஷிப்ட் நடத்த ஆள் இல்லாமல் போவது இப்படித்தான். படிநிலை வாரியாக யார் தங்குகிறார், யார் மேலே போகிறார், யார் வெளியேறுகிறார் என்று பார்க்கும் மார்க்கோவ் மாதிரிகள் இந்த இடத்தில் உண்மையாகவே உதவும். புள்ளியியலாளர் டி. ஜே. பார்த்தலோமியூவின் 1967ஆம் ஆண்டு நூலுக்குப் பிறகு இத்துறை நன்கு வளர்ந்திருக்கிறது. மாதிரி இல்லை என்ற குறை இங்கே இல்லை.

அனுமானம் எங்கே ஒளிகிறது?

இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருக்க வேண்டிய ஒரே ஒரு இருக்கையை எடுத்துக்கொள்வோம். மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர் என்று எழுதிவிடலாம். ஆனால் ஆண்டுக்கு 1,095 ஷிப்டுகள் இருக்கின்றன. வார ஓய்வுக்கு 52 நாள், எல்லா வகை விடுப்புக்கும் சேர்த்து 48 நாள் என்று கழித்தால் ஒருவர் வேலைக்கு வரும் நாட்கள் 265. வகுத்தால் 4.13 வருகிறது. மூன்று பேருக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் மீதி 300 ஷிப்டுகளை யாரோ ஒருவருடைய ஓய்வு நாளில் இருந்துதான் எடுக்க வேண்டும்.

இதே இருக்கை 50 நிலையங்களில் இருந்தால்? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மேல்நோக்கி முழுமையாக்கினால் 250 பேர். மொத்தமாகக் கணக்கிட்டால் 207 பேர். இரண்டும் சரியான கணக்குதான். ஆனால் 207 என்று சொல்பவர், ஓய்வில் இருப்பவருக்குப் பதிலாக வரும் ரெஸ்ட் கிவர் இன்று ஒரு நிலையம், நாளை இன்னொரு நிலையம் என்று ஓடுவார் என்று சொல்லாமல் சொல்கிறார். அந்தப் பயண நேரம் பணி நேரமா, அன்று அவர் எங்கே தங்குவார் என்பதெல்லாம் சூத்திரத்தில் தெரியாது. எங்கள் கவலை வகுத்தலைப் பற்றியது அல்ல. 43 பேரைக் கழித்த அந்த அனுமானத்தைப் பற்றியது.

வெளியிட்டால் குழப்பம் வருமா?

அனுமானங்களை வெளியிட்டால் சங்கங்கள் ஒவ்வொரு எண்ணையும் பேரப் பொருளாக்கும், வேலையே நடக்காது என்று நிர்வாகங்கள் சொல்வதுண்டு. அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது அல்ல. ஆனால் இந்த நகரத்துக்கே இதில் முன்னனுபவம் உண்டு. பராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பி. சி. மகலனோபிஸ் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கான வரைவை 1955இல் கொடுத்தபோது, அது பொருளாதார வல்லுநர் குழுவின் ஆய்வுக்குச் சென்றது. குழு உறுப்பினர் பி. ஆர். ஷெனாய் தனி மறுப்புக் குறிப்பு எழுதினார். திட்டம் நின்றுவிடவில்லை, எதிர்வாதமும் பதிவில் இருக்கிறது. நாட்டின் முதலீட்டுக் கணக்கே அந்த விவாதத்தைத் தாங்கியது என்றால், ஒரு ரயில்வே கோட்டத்தின் ஆள்பலக் கணக்கும் தாங்கும்.

நாங்கள் கோருவது

1. பணியிடங்களைக் கூட்டும் அல்லது குறைக்கும் ஒவ்வொரு ஆணையோடும் வேலை நாட்கள், விடுப்பை ஈடுகட்ட வைக்கும் கூடுதல் ஆட்கள், ஓய்வு, விலகல் விகிதம் ஆகிய அனுமானங்களை இணைப்பாக வெளியிட வேண்டும்.

2. ஏற்கெனவே அனுமதிக்கப்பட்ட பணியிட எண்ணிக்கையையே தேவை என்று மாதிரிக்குள் இடக் கூடாது. தேவையை வேலையில் இருந்து கணக்கிட வேண்டும்.

3. ஒப்பந்தத் தொழிலாளர் செய்யும் வேலையும் கணக்கில் வர வேண்டும். இல்லையேல் உற்பத்தித்திறன் உயர்ந்ததாகத் தோன்றும், வேலை கைமாறியது மறைந்துவிடும்.

4. ஒற்றை எண் போதாது. விலகல் கூடினால் எவ்வளவு, பயிற்சி தாமதமானால் எவ்வளவு என்று மேல் கீழ் எல்லைகளையும் தர வேண்டும்.

5. ஆணை வருமுன் அந்தப் பணியில் இருப்பவர்களுக்கு ஆட்சேபம் எழுதித் தர அவகாசம் வேண்டும். பதில் எழுத்தில் வர வேண்டும். முடிவெடுத்த அலுவலரின் கையொப்பம் இருக்க வேண்டும். "கணினி சொன்னது" என்பது பதில் ஆகாது.

6. ஆண்டுக்கு ஒரு முறை கணிப்பையும் நடப்பையும் ஒப்பிட்டு வெளியிட வேண்டும்.

இவற்றுக்குப் புதுச் சட்டமோ பெரிய செலவோ தேவையில்லை. தேவையான எண்கள் பணியாளர் பிரிவின் கோப்புகளில் ஏற்கெனவே இருக்கின்றன. எந்த நிறுவனமோ சங்கமோ தன் கணக்கைக் கொடுத்தாலும் அதைச் சரிபார்த்துத் தர எங்கள் உறுப்பினர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் ஒரே விடையைத்தான் தருவோம்.