வில்லுக்கு வேண்டும் ரசிகன்!

"கச்சேரி நன்றாக இருந்தது" என்று சொல்லுகிறவர்கள் ஆயிரம் பேர். எந்த இடத்தில் நன்றாக இருந்தது என்று சொல்லத் தெரிந்தவர்கள் பத்துப் பேர். முப்பது வருஷம் கழித்தும் அந்த இடத்தை மறக்காமல் சொல்லுகிறவர் ஒருவர்.

அந்த ஒருவர்தான் ரசிகர்!

நாஞ்சில் நாட்டில் அப்படிப்பட்ட ரசிகர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் சங்கீத சபைகளில் முன்வரிசை நாற்காலிக்குப் பணம் கட்டியவர்கள் அல்ல. கோவில் கொடைக்குப் போய், பந்தலில் துண்டை விரித்து உட்கார்ந்து, விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டவர்கள். பகலெல்லாம் வயலில் உழைத்த களைப்போடு வந்து, கண் கொட்டாமல் கேட்டவர்கள்.

அவர்களுடைய ஞாபகம் ஒரு பெரிய சொத்து. அந்தச் சொத்து இன்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வருகிறது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை!

மண்ணின் பாட்டு

தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரண்டு தாலுகாக்களும் சேர்ந்ததுதான் பழைய நாஞ்சில் நாடு. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த இந்தப் பூமி, 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி தமிழகத்தோடு சேர்ந்தது. ராஜ்யம் எதுவாக இருந்தாலும், ஊர்க் கோவில்களில் ஒலித்தது தமிழ் வில்லின் மணியோசைதான்.

வில்லுப்பாட்டு என்றால் ஒரு வில், ஒரு பாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. அது ஒரு குழு. நடுவே ஆள் உயரத்தையும் மிஞ்சும் நீளமான வில். பனையின் வைரத்தில் அதைச் செய்வது பழைய வழக்கம். அதில் வரிசையாக மணிகள். முன்பாட்டுக்காரர் இரண்டு கைகளிலும் வீசுகோலைப் பிடித்து நாணைத் தட்டுகிறார். மணிகள் அத்தனையும் சேர்ந்து குலுங்குகின்றன.

வில்லோடு சேர்த்து ஒரு மண்குடம். குடத்தின் வாயில் தட்டியால் அறைகிறார் ஒருவர். உடுக்கு அடிக்கிறார் இன்னொருவர். ஜால்ரா ஒருவர், கட்டை ஒருவர். முன்பாட்டுக்காரரோடு வலப்பக்கம் இருந்து பாடுகிறவர்கள் வலம்பாடிகள். இடப்பக்கம் இருந்து வாங்கிப் பாடுகிறவர்கள் இடம்பாடிகள்.

இவர்களோடு இன்னும் ஒரு பக்கவாத்தியம் உண்டு. அது எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டம்!

இது வெறும் அலங்காரப் பேச்சு அல்ல. முன்பாட்டுக்காரர் கதையை நிறுத்தி ஒரு கேள்வி கேட்பார். குழுவில் ஒருவர் "ஆமா" போடுவார். கூட்டம் சிரித்தால் அந்தப் பேச்சு நீளும். சிரிக்காவிட்டால் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தால், அழுகைக் கட்டம் இன்னும் இரண்டு பாட்டு கூடும். கூட்டத்தின் முகத்தைப் பார்த்துத்தான் கதை வளர்கிறது.

சாமி வரும் நேரம்

மற்ற கச்சேரிகளுக்கும் வில்லுப்பாட்டுக்கும் இன்னொரு பெரிய வித்தியாசம் உண்டு.

சுடலைமாடன் கோவில் கொடையில் பாடப்படுவது சுடலைமாடன் கதை. இசக்கி கோவிலில் பாடப்படுவது நீலி என்னும் இசக்கியின் கதை. யாருடைய கதையைப் பாடுகிறார்களோ, அந்தத் தெய்வமே பந்தலுக்கு வந்து கேட்கிறது என்பது ஜனங்களின் நம்பிக்கை.

காப்பு, குருவடி வணக்கம், அவையடக்கம், நாட்டு வளம் என்று கதை நிதானமாகப் புறப்படும். நேரம் ஆக ஆகத் தாளம் விறுவிறுக்கும். பிறப்போ சாவோ, கதையின் உச்சக் கட்டம் வருகிற நேரமும் கோவிலில் பூஜை நேரமும் ஒன்று சேர வேண்டும். அப்போதுதான் கோமரத்தாடிக்கு அருள் வரும். குடமும் உடுக்கும் முழங்க, அவர் எழுந்து ஆடுவார். கதையில் கேட்ட தெய்வம், கண்முன் நிற்கும்.

இதைக் கடிகாரம் இல்லாமல் கணக்குப் போட்டு நடத்துவது லேசான காரியமா? கதை முந்திவிட்டால் சாமி வராது. பிந்திவிட்டால் பூஜை தவறிவிடும். நல்ல புலவர் என்று பெயர் எடுத்தவர்கள் குரலால் மட்டும் அந்தப் பெயரை எடுக்கவில்லை. நேரத்தை ஆளத் தெரிந்ததால் எடுத்தார்கள்.

பழைய ரசிகர்கள் எதை ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ராகத்தையோ தாளத்தையோ அல்ல. "அந்த வருஷம் கொடையில், சரியாக நடுச்சாமத்தில், அந்த வரி வந்தது; அந்த வரியில் சாமி வந்தது" என்பார்கள். பாட்டு வேறு, இரவு வேறு என்று அவர்களால் பிரிக்க முடிவதில்லை.

கிழவரைக் கண்டால் பயம்!

ரசிகரால் கலைக்கு என்ன லாபம்? கைதட்டல்தானே என்று சிலர் கேட்கலாம். அப்படி அல்ல. ரசிகர்தான் கலைக்குக் காவல்!

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்வோம். பிராமண குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் குலப் பெண்கள் இருவர் மேல் காதல் கொள்கிறான். அவர்களுடைய தகப்பன் வாலப்பகடையிடம் போய்ப் பெண் கேட்கிறான். பூணூலை அறுக்க வேண்டும், குடுமியை எடுக்க வேண்டும், செருப்புத் தைக்க வேண்டும் என்கிறான் வாலப்பகடை. முத்துப்பட்டன் அத்தனைக்கும் சம்மதிக்கிறான். கலியாணம் நடக்கிறது. பிறகு மாடு பிடிக்க வந்த கள்வரோடு சண்டையிட்டு மடிகிறான். மனைவியர் இருவரும் அவனோடு தீயில் இறங்குகிறார்கள். பொதிகை மலைச் சொரிமுத்தையன் கோவிலில் அவன் இன்று தெய்வம்.

இதில் எது முக்கியம்? சண்டையா, பெண் கேட்கிற இடமா?

விஷயம் தெரிந்த ரசிகரைக் கேட்டால், பெண் கேட்கிற இடம்தான் என்பார். சாதி மமதை தலைகுனிந்து நிற்கிற இடம் அது. அவசரக்காரப் பாடகர் அந்த இடத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டுச் சண்டைக்குத் தாவினால், முன்வரிசைக் கிழவருக்குப் பொறுக்காது.

"பாட்டா, நல்லாப் பாடுதாவல்லா?" என்று பேரன் கேட்பான்.

"பாடுதான் மக்கா, இல்லேங்கல. ஆனா பகடை பேசுத இடத்த அப்படியே முழுங்கிட்டாம்லா!" என்பார் அவர். விடிந்ததும் டீக்கடையில் அது ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும்.

அந்த ஒரு கிழவருக்குப் பயந்தே, பாடகர் கதையை முழுசாகப் பாடம் பண்ணிக்கொண்டு வருவார். அவர் இல்லாமல் போனால்? முழுங்கினாலும் கேட்க ஆள் இல்லை. இன்று ஒரு கட்டம் போகும். நாளை இன்னொன்று போகும். கடைசியில் மிஞ்சுவது கதையின் பெயர்தான்!

ரசிகரே கலைஞர் ஆனார்

நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி பிறந்தவர் என்.எஸ்.கிருஷ்ணன். டி.கே.எஸ். சகோதரர்களின் நாடக சபையில் நடித்து, பிறகு திரைக்குப் போய், கலைவாணர் என்று நாடே கொண்டாடும் நிலைக்கு உயர்ந்தார். அவ்வளவு புகழ் வந்த பிறகும், பிறந்த மண்ணின் வில்லை அவர் மறக்கவில்லை. காந்தியடிகளின் வரலாற்றை வில்லிசையாக்கி மேடையில் நடத்தினார். அதுவரை ஊர்த் தெய்வங்களின் கதையைப் பாடிய வில், தேசத் தலைவரின் கதையையும் பாடியது. நெல்லைச் சீமைக்காரரான சுப்பு ஆறுமுகம் அவரிடம் ஆதரவு பெற்று, பிறகு உலகத் தமிழர் மத்தியிலெல்லாம் வில்லை ஒலிக்கச் செய்தார். அவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2022-ல் அவர் மறைந்தார்.

கலைவாணர் சிரிப்புக்கு நடுவே ஒரு கருத்தைச் சொல்லி, ஜனங்களின் முகத்தைப் பார்த்து அடுத்த பேச்சை எடுப்பாரே, அந்தச் சாமர்த்தியம் கொடைப் பந்தலின் சொத்து. கேட்டு வளர்ந்தவருக்குத்தான் அது வரும். நல்ல ரசிகராக இல்லாமல் யாரும் நல்ல கலைஞர் ஆனது கிடையாது.

பெண்களும் வில்லுக்கு முன்னால் உட்கார்ந்து பாடியிருக்கிறார்கள். கொட்டாரம் பக்கத்தில் சரவணந்தேரியைச் சேர்ந்த பூங்கனி அவர்களில் முக்கியமானவர். வீசுகோல் பிடித்துக் கதை சொன்ன அந்த அம்மையார் 2018-ல் காலமானார். அவரை நேரில் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த இரவுகளை அவர்கள் வாயால் சொல்லச் சொல்லி எழுதி வைக்க வேண்டாமா?

"யூடியூப்" போதாதா?

"இப்போது எல்லாவற்றையும் பதிவு செய்துவிடுகிறார்களே, பிறகு என்ன?" என்று கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். பதிவினால் நன்மை உண்டு. 1984-ல் நாகர்கோவிலில் வானொலி நிலையம் வந்தது, ஒலிநாடாக்கள் வந்தன, இன்று "யூடியூப்"பில் எத்தனையோ வில்லுப்பாட்டுகள் கிடைக்கின்றன. கடல் கடந்து வேலைக்குப் போன நாஞ்சில் நாட்டுக்காரர், வெளிநாட்டு அறையில் படுத்துக்கொண்டு ஊர்க் கொடையைக் கேட்க முடிகிறது. அதைக் குறை சொல்லுவது மடமை.

ஆனால், பதிவில் குரல் இருக்கிறது, கூட்டம் இல்லை. பிடிக்காவிட்டால் விரலால் தள்ளிவிட்டுப் போகலாம். பந்தலில் அது நடக்காது. நாட்டு வளம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டும். பக்கத்தில் பாயில் குழந்தை தூங்கும். நடுவே சுக்குக் காப்பி வரும். அந்தப் பொறுமைக்குக் கிடைக்கிற பரிசுதான் நடுச்சாமத்து உச்சக் கட்டம். பசித்துச் சாப்பிடுவதற்கும் படத்தில் சாப்பாட்டைப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது!

"அந்தக் காலம் போல வருமா?" என்பது கிழவர்களின் வழக்கமான பல்லவி என்று இளைஞர்கள் சிரிக்கிறார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. ஞாபகம் என்பது கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். அந்தக் காலத்திலும் தொண்டை கட்டிய பாடகர் இருந்தார். கதை தெரியாதவர் இருந்தார். காலையில் ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகவேண்டியவர்களை, இரவு முழுவதும் விழித்திரு என்று சொல்லவும் முடியாது.

ஆகவே பழைய காலம் திரும்ப வேண்டும் என்பது அல்ல கோரிக்கை. கேட்கிற பழக்கம் அறுந்துவிடக் கூடாது என்பதுதான்.

செய்ய வேண்டியது என்ன?

பல ஊர்களில் இன்று கொடை விழா என்றால் மெல்லிசைக் கச்சேரி, சினிமாப் பாட்டு நடனம் என்று ஆகிவிட்டது. ஜனங்கள் விரும்பினால் அதுவும் நடக்கட்டும். ஆனால், வில்லுப்பாட்டை இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடையே இட்டு நிரப்புகிற சாமானாக ஆக்கக் கூடாது. "முக்கால் மணி நேரத்தில் முடியுங்கள்" என்று புலவரிடம் சொல்லுவது, தலைவாழை இலையைப் போட்டு ஊறுகாயை மட்டும் வைப்பது போல!

கோவில் கமிட்டிக்காரர்கள் ஒரு கதைக்காவது முழு நேரம் ஒதுக்க வேண்டும். விடிய விடிய இல்லாவிட்டாலும் மூன்று மணி நேரமாவது இடையூறு இல்லாமல் நடக்க வேண்டும். மற்ற ஒலிபெருக்கிகளை அந்த நேரத்தில் அடைத்து வைக்க வேண்டும். குடத்தின் அதிர்வும் மணியின் நாதமும் காதுக்கு இதமாகக் கேட்க வேண்டாமா? கலைஞர்களுக்குப் பேசிய பணத்தைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும்.

நா.வானமாமலை போன்ற அறிஞர்கள் கதைப்பாடல்களைத் தேடி அச்சில் ஏற்றினார்கள். அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்தப் பக்கம் வந்து, கொடைப் பந்தல்களில் இருந்து கேட்டு, 1988-ல் புத்தகமே எழுதினார். கடல் கடந்து வந்தவருக்கு உட்கார்ந்து கேட்க நேரம் இருந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு இல்லை என்றால் அது வெட்கக்கேடு அல்லவா?

பாட்டை எழுதியாகிவிட்டது. இனி எழுத வேண்டியது ரசிகரின் ஞாபகத்தை. எந்த ஊர்க் கொடை, எந்தப் புலவர், எந்தக் கட்டத்தில் கூட்டம் அழுதது, எதற்குச் சிரித்தது என்பதைக் கல்லூரி மாணவர்கள் பெரியவர்களிடம் கேட்டு எழுதலாம். காகிதமும் பேனாவும் போதும். நாள் கடத்தினால்தான் நஷ்டம். ஏனென்றால் சொல்லத் தெரிந்தவர்களுக்கு வயது எண்பதை எட்டிக்கொண்டிருக்கிறது.

விருது கொடுத்தால் ஒரு கலைஞருக்குப் பெருமை. மானியம் கொடுத்தால் ஒரு வருஷத்துக்குச் சோறு. கேட்கிற காது இருந்தால்தான் கலைக்கு ஆயுசு. பெரியவர்கள் அடுத்த கொடைக்குத் தனியாகப் போகாமல், வீட்டில் இருக்கிற ஒரு பிள்ளையையும் கையைப் பிடித்துக் கூட்டிப் போகட்டும். நாட்டு வளம் வரையில் அது கேட்கும், பிறகு தூங்கிவிடும். தூங்கட்டும்! உச்சக் கட்டத்தில் குடம் முழங்கும்போது தானாக விழித்துக்கொள்ளும். அந்த விழிப்பில்தான் ஒரு புது ரசிகன் பிறப்பான்.