கொரியப் பதக்கமும் பெரம்பலூர் தராசும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள், குறிப்பாக வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள்.

தென்கொரியாவில் வேலை பார்க்கும் நம் பள்ளி மாணவர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "சார், இங்கே புராண வீரர் உருவம் போட்ட தங்கப் பதக்கம் விற்கிறார்கள். வருஷா வருஷம் டிசைன் மாறுமாம். நாலைந்து வாங்கி ஊருக்கு அனுப்பினால் நல்ல விலைக்கு விற்கலாம் என்கிறார்கள். தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் இருக்கிறது. போடலாமா?"

வேண்டாம் தம்பி என்று அன்றே சொல்லிவிட்டேன். இதே யோசனையில் இன்னும் இரண்டு பேர் இருப்பதாகக் கேள்விப்பட்டதால் காரணத்தை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பதக்கத்தைப் பற்றி. அது போலிப் பொருள் இல்லை. கொரிய நாட்டு நோட்டும் காசும் அடிக்கும் அரசு நிறுவனமான கொம்ஸ்கோ வெளியிடுவது. 1951-ல் தொடங்கியது. 2016 முதல் 'சீவூ சொன்வாங்' என்ற வரிசையில் வெள்ளியிலும் தங்கத்திலும் அடிக்கிறார்கள். சீவூ என்பவர் பழங்கதையில் வரும் போர்த் தெய்வம். செம்புத் தலை, இரும்பு நெற்றி என்று வருணிப்பார்கள். சீனர்கள் கதையில் அவர் மஞ்சள் பேரரசரோடு மோதித் தோற்றவர். கொரியர்களுக்கோ நாயகன். 2002 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது சிவப்புச் சட்டை போட்ட கொரிய ரசிகர் கூட்டம் தூக்கிப் பிடித்த கொடியில் உறுமிக்கொண்டிருந்த முகம் இவருடையதுதான். நம் ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கும் முனியப்பரைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த முகம் அந்நியமாகத் தெரியாது.

பதக்கத்தில் '1 கிளே' என்று பொறித்திருக்கும். அதைப் பார்த்து அது நாணயம் என்று நினைத்துவிடாதீர்கள். கொரியாவின் பணம் வோன். கிளே என்ற பணம் எங்கேயும் கிடையாது, பதக்கத்துக்காகச் சூட்டிய கற்பனைப் பெயர். ஆகவே அது செல்லும் காசு ஆகாது. பதக்கம், அவ்வளவுதான்.

ஒரு அவுன்ஸ் பதக்கம் என்றால் 31.1 கிராம். எடையில் நாலு பவுனுக்குச் சற்றுக் குறைவு. சொக்கத் தங்கம் என்பதால் 22 காரட் கணக்கில் நாலேகால் பவுனுக்குச் சமம். வாங்கும்போது அந்தத் தங்கத்தின் விலையோடு உருவத்துக்கும் ஒரு விலை கொடுக்கிறோம். பெட்டி, சான்றிதழ், அந்த ஆண்டில் எத்தனை அடித்தார்கள் என்ற எண்ணிக்கை, வாங்கத் துடிப்பவர்களின் கூட்டம் எல்லாம் அந்த இரண்டாவது விலைக்குள் அடக்கம்.

முதல் விலை உலகம் முழுக்க ஏறத்தாழ ஒன்று. இரண்டாவது விலை, உருவத்தைத் தெரிந்தவர் இருக்கும் இடத்தில் மட்டும் உயிரோடு இருக்கும். சியோலிலோ அமெரிக்காவிலோ சேகரிப்பாளர் சந்தையில் அது கிடைக்கலாம். பெரம்பலூர் கடைவீதியில் சீவூவைக் கொண்டுபோய் வைத்தால் ஆசாரி என்ன செய்வார்? டப்பாவைக் கழற்றித் தராசில் போடுவார், மாற்றுப் பார்ப்பார், உருக்கினால் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போடுவார். அவர்மேல் குற்றமில்லை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் உருவம் போட்ட தங்க டாலரை சியோல் கடையில் வைத்தால் அங்குள்ளவரும் அதைத்தான் செய்வார். திங்களும் வெள்ளியும் திறக்கும் கோயில் அது, அவள் எங்கள் குலத்துக்கே காவல் என்றெல்லாம் அவரிடம் யார் போய்ச் சொல்வது?

அவசரத்துக்கு அடகு வைக்கலாமே என்றால் அதிலும் சிக்கல். வங்கி நகைக்குத் தயங்காமல் கடன் தரும், கட்டித் தங்கத்துக்குத் தராது. அயல்நாட்டுப் பதக்கம் இதில் எந்தப் பக்கம் சேரும் என்று கிளை மேலாளரோடு வாதாடிக்கொண்டு நிற்க வேண்டும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்த வாதம் யாருக்கு வேண்டும்?

கொரியத் தங்கப் பதக்கம் நம் நாட்டுக்குப் புதிது என்று எண்ண வேண்டாம். 2017-ல் அது மூட்டை மூட்டையாக வந்தது. அந்தக் கதை தெரிந்தால் இந்த வியாபாரத்தின் உள்கட்டு புரியும். இந்தியாவுக்கும் தென்கொரியாவுக்கும் 2010 ஜனவரி 1 முதல் ஒரு வர்த்தக ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி கொரியாவிலிருந்து வரும் தங்கப் பொருளுக்கு அப்போதிருந்த 10 சதவீதச் சுங்கவரி கிடையாது. ஆனால் 12.5 சதவீத ஈடுசெய் வரி என்று தனியாக ஒன்று இருந்ததால் யாருக்கும் பெரிய லாபம் இல்லை. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. ஈடுசெய் வரி அதற்குள் கரைந்து, தங்கத்துக்கு 3 சதவீதம் மட்டும் நின்றது. கதவு திறந்துவிட்டது! 2016-17 முழு ஆண்டிலும் கொரியாவிலிருந்து வந்த தங்கம் சுமார் 7 கோடி டாலர் மதிப்பு. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 3 வரையிலான ஒரே மாதத்தில் வந்தது சுமார் 34 கோடி டாலர். ஆகஸ்ட் 25-ஆம் தேதி மத்திய அரசு கட்டுப்பாடு போட்டுக் கதவை மூடியது.

அந்த இரண்டு மாதத்தில் காசாகவும் பதக்கமாகவும் வந்த தங்கத்தில் என்ன உருவம் இருந்தது என்று யாராவது கேட்டார்களா? ஒருவரும் கேட்கவில்லை. வந்தது வரி வித்தியாசத்துக்காக. பதக்கம் என்பது தங்கம் போட்டுக்கொண்ட சட்டை. அதற்கும் முன்பு, 2013-ல், தங்கக் காசும் பதக்கமும் இறக்குமதி செய்யவே ரிசர்வ் வங்கி தடை போட்டு 2015-ல்தான் நீக்கியது. இப்படி விதி மாறிக்கொண்டே இருக்கும் பொருளில் பெரிய முதலாளிகள் வக்கீலையும் கணக்காளரையும் வைத்துக்கொண்டு இறங்குவார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்த பையன் கைப்பையில் நாலு பதக்கத்தோடு இறங்கக் கூடாது.

கைப்பை என்றதும் இன்னொன்று. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தச் சலுகை நகைக்கு. காசு, கட்டி, பதக்கம் எதற்கும் பொருந்தாது. ஒரே ஒரு பதக்கம் கொண்டுவந்தாலும் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்டுங்கள். 2024 ஜூலையில் தங்க வரியை 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். நீங்கள் புறப்படும் நாளில் என்ன விகிதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். "யாரும் பார்க்க மாட்டாங்க" என்று சொல்லி அனுப்பும் நண்பர் விமான நிலையத்தில் கூட நிற்க மாட்டார்.

இவ்வளவும் சொன்னதால் வாத்தியாருக்குச் சேகரிப்பு பிடிக்காது என்று நினைக்காதீர்கள். அயல்நாட்டுச் சாமி போட்ட தங்கத்தை நம்மைப் போல் ஆசையாகச் சேர்த்தவர்கள் குறைவு. வெனிஸ் நகரத்து டூக்கட் காசு நூற்றாண்டுகளுக்கு முன்பே தென்னிந்தியாவில் புழங்கியது. அதில் புனித மாற்கு நிற்பார், எதிரே நகரத் தலைவர் மண்டியிட்டிருப்பார், நடுவே சிலுவை தாங்கிய கொடிக்கம்பு. நம் மக்கள் கம்பைப் பனைமரமாகவும், ஆளைப் பனையேறியாகவும் பார்த்து அதற்கேற்ற பெயரும் வைத்துவிட்டார்கள். நகைக்கடையில் 'ஒரு சவரன்' என்கிறோமே, அந்தச் சொல்லே ஆங்கிலேயரின் சாவரின் காசிலிருந்து வந்தது. 1817 முதல் அதன் பின்புறத்தில் குதிரைமேல் ஒரு வீரன் பறவைநாகத்தைக் கொல்லும் காட்சி. புனித ஜார்ஜ் கதை, செதுக்கியவர் பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியர். நம் பாட்டிகள் அந்த ஜார்ஜை வரிசையாகக் கோத்துக் காசுமாலையாக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். ஜார்ஜ் யாரென்று அவர்கள் கேட்டதில்லை. 22 காரட், 8 கிராமுக்கு ஒரு சிட்டிகை குறைவு. அது போதும் அவர்களுக்கு. வளையம் பற்றவைத்த காசுக்குச் சேகரிப்பாளரிடம் மதிப்பு சரிந்துவிடும் என்பது உண்மை, ஆனால் அவர்கள் விற்கவா சேர்த்தார்கள்?

சாமி படத்தை வைத்து ஏமாற்றும் கூட்டம் நம்மூரிலும் உண்டு. ராமர் பட்டாபிஷேகம் போட்ட செம்புக் காசு, 1818, கிழக்கிந்தியக் கம்பெனி, ஒரு அணா, அரிசியை இழுக்கும், கோடி ரூபாய் பெறும் என்பார்கள். கம்பெனி அப்படி ஒரு செம்பு அணாவை அடிக்கவே இல்லை. எட்டாம் வகுப்பில் நான் சொன்னதை மறந்தவர்கள் இப்போது குறித்துக்கொள்ளுங்கள்.

உருவத்துக்காகக் காசு வாங்க ஆசையா? அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு வாசலிலேயே இருக்கிறது. ராஜேந்திர சோழன் 'கங்கைகொண்ட சோழன்' என்ற பெயரைத் தங்கக் காசில் பொறித்தவன். அமர்ந்த புலி, பக்கத்தில் இரு மீன், வில். மூவேந்தர் அரசியல் ஒரு விரல்நக அகலத்தில். 2025 ஜூலை 27-ல் ஆடித் திருவாதிரை விழாவுக்கு கங்கைகொண்ட சோழபுரம் வந்த பிரதமர், ராஜேந்திரன் நினைவு நாணயம் வெளியிட்டார். இத்தகைய நினைவு நாணயங்களை இந்திய அரசு நாணயச் சாலைகள் முன்பதிவு செய்து விற்கும். அதற்கும் உலோக விலையைவிடக் கூடுதலாகத்தான் கேட்பார்கள். ஆனால் அந்தக் கூடுதல் விலை எதற்கென்று ஜெயங்கொண்டத்துப் பையனுக்குப் புரியும், அவன் பிள்ளைக்குச் சொல்லவும் முடியும்.

பழைய காசில் ஒரு எச்சரிக்கை. வயலில் உழும்போது புதையல் கிடைத்தால், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். நூறாண்டு கடந்த காசை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது. மாளிகைமேட்டுப் பக்கம் நிலம் வைத்திருக்கும் உறவுகள் கவனிக்கவும்.

கேட்ட தம்பிக்கு இதுதான் என் பதில். சீவூவைப் பிடித்திருந்தால், உன் சம்பள மிச்சத்தில் வெள்ளியில் ஒன்று வாங்கு. டப்பாவைத் திறக்காதே, கையால் துடைக்காதே, ரசீதை வைத்துக்கொள். விற்க நினைத்தால் அங்கேயே, அந்த உருவம் தெரிந்தவர்களிடம் விற்றுவிடு. தங்கச்சியின் பணம் தங்கச்சி பெயரில் வங்கியில் இருக்கட்டும். நகை எடுக்கும் நாளில் ஹால்மார்க் எண் பார்த்து இங்கேயே எடுத்துக்கொள்ளலாம். கடைக்கு நான் கூட வருகிறேன்.

மற்றவர்களுக்கு ஒரு வேலை. வீட்டில் பழைய காசுமாலை இருந்தால் குதிரைக் காலுக்குக் கீழே, ஆண்டுக்கு மேலே, தரையில் ஐ என்ற சின்ன ஆங்கில எழுத்து தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஆண்டு 1918 என்று இருந்தால் அது பம்பாயில் அடித்த சாவரின். அந்த ஒரு ஆண்டு மட்டும்தான் அங்கே அடித்தார்கள். கிடைத்தால் எனக்குச் சொல்லுங்கள். படத்தைப் பொதுவில் போட வேண்டாம், தனிச் செய்தியில் அனுப்புங்கள்.