பலகையில் ஏறாத பெயர்

"உங்க ஊர்ல நல்ல மெஸ் எது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரே கடையை ஒருவர் ஆகா ஓகோ என்பார், இன்னொருவர் கவனிப்பே சரியில்லை என்பார். நாக்குக்கு நாக்கு ருசி மாறும் என்று சொல்லிவிட்டு நாமும் நகர்ந்துவிடுகிறோம். நாக்கு மட்டும்தான் மாறுகிறதா தோழர்களே?

நான் வேலை பார்க்கும் சிறுநகரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு எதிர்ச்சந்தில் ஒரு மெஸ் இருக்கிறது. பெயர் வேண்டாம். முதலாளியின் சாதிப் பட்டம், அதன் பக்கத்தில் 'மெஸ்', அவ்வளவுதான் பலகை. மீன் குழம்பு பிரமாதம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என்னோடு வேலை பார்ப்பவர்கள் அந்தக் கடையை 'வீட்டுச் சாப்பாடு மாதிரி' என்பார்கள். முதலாளியே பக்கத்தில் வந்து நின்று "குழம்பு போதுமா தம்பி?" என்று கேட்பாராம். ஈரல் வறுவல் ஒரு கரண்டி சும்மா வைப்பாராம். மாசக் கடைசியில் "சம்பளம் வந்ததும் குடுங்க" என்பாராம். பொய்யில்லை. அவர்களுக்கு அப்படித்தான் நடக்கிறது, நானே பார்த்திருக்கிறேன்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் நாள் இலை போட்டதும் முதலாளி கேட்டார்: "தம்பிக்கு எந்த ஊரு?" சொன்னேன். "அங்க எந்தப் பக்கம்?" இந்த இரண்டாவது கேள்வி எதற்கென்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "காலனி" என்றேன். அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. எழுந்து போ என்று சொல்லவில்லை. "சரி, சாப்பிடுங்க" என்றார். தம்பி அத்தோடு காணாமல் போனான். இரண்டாம் முறை சோற்றுக்கு மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. குழம்பு வாளி பக்கத்து இலை வரைக்கும் வந்து திரும்பியது. சாப்பிட்டு எழுந்தபோது, "இலையை எடுத்து அந்தக் கூடையில போட்டுடுங்க" என்றார்கள். பக்கத்தில் சாப்பிட்டவர்களின் இலையை எடுக்க ஆள் இருந்தது.

அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு, உணவகத்தில் சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. தீண்டாமையைத் தண்டிக்க 1955 இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. தனிக் குவளை வைத்தால் வழக்குப் போடலாம். வராமல் போன குழம்பு வாளிக்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? "கூட்டமா இருந்துச்சு, கவனிக்கல" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் எழுத்தரே சிரிப்பார். இது தெரிந்துதான் சாதி தன் வேலையைக் கரண்டிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, பலகைக்கு வருவோம். 1941 இல் ரயில் நிலைய உணவுச்சாலைகளில் பிராமணர்களுக்கென்று இருந்த தனி இடம் ஒழிக்கப்பட்டது. 1957 இல் பெரியாரின் தொண்டர்கள் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் மாதக்கணக்கில் மறியல் செய்து, நாள்தோறும் கைதாகி, 'பிராமணாள்' என்ற சொல்லைப் பலகையிலிருந்து இறக்கினார்கள். அந்தச் சொல் பலகையில் இருந்தால் உள்ளே போகிற மற்றவன் யார் என்பதுதான் அன்று கேட்கப்பட்ட கேள்வி. அதே கேள்வியை ஏன் கவுண்டர் மெஸ்ஸிடம் கேட்பதில்லை? நாயுடு ஓட்டலிடம், தேவர் ஓட்டலிடம், செட்டியார் மெஸ்ஸிடம்? ஐயர் கடைப் பலகையைப் படமெடுத்துப் போட்டுக் கொதிக்கிற நம் தோழர்கள் பலர், அடுத்த தெருவில் இன்னொரு சாதிப் பலகையின் கீழே உட்கார்ந்து நல்லி எலும்பு உறிஞ்சுகிறார்கள். கேட்டால் "அது கைப்பக்குவத்துக்கான பெயர் தோழர்" என்கிறார்கள்.

கைப்பக்குவம்தான் என்றால் பறையர் மெஸ் எங்கே? அருந்ததியர் ஓட்டல் எங்கே? எங்கள் அம்மாக்களுக்கு உப்புக்கண்டம் போடத் தெரியாதா, மாட்டுக்கறியை மிளகு தூக்கலாக வறுக்கத் தெரியாதா? ஒரு காலத்தில் எங்களைக் கேலி செய்யப் பயன்பட்ட குடலும் ரத்தமும் இன்று 'ஸ்பெஷல்' என்ற பெயரில் அவர்கள் விலைப்பட்டியலில் இருக்கின்றன. மாட்டுக்கறி மட்டும் இன்னும் ஏறவில்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகமே பிரியாணித் திருவிழா நடத்தத் திட்டமிட்டு, மாட்டுக்கறி பிரியாணியை மட்டும் வெளியே நிறுத்தியது. எதிர்ப்பு கிளம்பியது, ஆதிதிராவிடர் ஆணையம் விளக்கம் கேட்டது. கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே ஒத்திவைத்தார்கள். ஆம்பூரில், அதுவும் பிரியாணிக்கு!

"நீங்களும் கடை திறங்களேன், யார் தடுத்தது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நூறாண்டுக்கு முன் கோலாப்பூரில் ஒருவர் திறந்தார். கங்காராம் காம்ப்ளே, அரண்மனைக் குதிரை லாயத்தில் வேலை பார்த்த தலித். உயர்சாதியினரின் தண்ணீரைத் தொட்டதற்காக அடிவாங்கியவர். பிறகு தேநீர்க் கடை வைத்தார், யாரும் வரவில்லை. சாகு மகாராசர் தன் வண்டியை அந்தக் கடை முன்னால் நிறுத்தி, தேநீர் வாங்கிக் குடித்து, கூட வந்தவர்களையும் குடிக்க வைத்த பிறகுதான் கடை ஓடியது. ஒரு கோப்பை தேநீரை விற்க ஒரு ராசா தேவைப்பட்டார்.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2023 செப்டம்பரில் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில், காலை உணவுத் திட்டத்தில் சமைத்தவர் தலித் பெண் என்பதால் பிள்ளைகள் சாப்பிடவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சரும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதே மாதம் கரூர் மாவட்டத்தில் இன்னொரு பள்ளியில் அதே பிரச்சினை, அங்கே ஆட்சியர் போய்ச் சாப்பிட்டார். சாப்பிட்டது சரிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மெஸ்ஸுக்கும் டீக்கடைக்கும் தினமும் ஆட்சியர் வரமுடியாது. அங்கே சாப்பிடுகிறவர்கள் நீங்களும் நானும்தான். உங்கள் இலைக்கு வந்த வாளி பக்கத்து இலைக்கு ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்டால் அவர் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீங்கள் அவருடைய தம்பி. நான் கேட்டால் அது தகராறு.

என் சித்தி ஒருத்தி பக்கத்து ஊர்ப் பேருந்து நிலையத்தில் தள்ளுவண்டியில் இட்லிக் கடை போட்டிருக்கிறாள். வண்டியில் 'முருகன் துணை' என்று எழுதியிருக்கும். அண்ணல் படம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது, வண்டியில் இல்லை. நீல பெயிண்ட் அடிக்கலாம் என்று தம்பி சொன்னதற்கு, "சும்மா இருடா, பொழப்பக் கெடுக்காத" என்றாள். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் கல்யாணமாகி வந்த ஊரைச் சொல்லமாட்டாள், தூரத்தில் உள்ள ஒரு பெரிய ஊரைச் சொல்வாள். அங்கே எந்தப் பக்கம் என்று கேட்குமளவுக்கு அந்த ஊரை யாருக்கும் தெரியாது. ஆட்டோக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள், கடைவீதி ஆட்கள் என்று காலை 6 மணிக்கே கூட்டம் நிற்கும். தக்காளிச் சட்னி 9 மணிக்குத் தீர்ந்துவிடும்.