எரிபொருளைக் கொடுத்து இரைச்சலை வாங்குவதா?

அரசியல் ஏடொன்றில் மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. எம்மிடம் விடையும் உண்டு. வடக்குக் கிழக்கிலே உழவனின் வயலையும் சந்தையையும், ஆசிரியரின் வீட்டையும் பாடசாலையையும், தாதியின் இல்லத்தையும் மருத்துவமனையையும் நாள்தோறும் இணைத்து நிற்பது எது? புகைவண்டியா? அஃது ஓடும் ஊர்கள் சில. பேருந்தா? பிரதான வீதியை விட்டு உள்ளே சென்றால் அதன் முகத்தைக் காண்பதே அரிது. 100 சீ.சீ. அளவுள்ள சிறிய மோட்டார் சைக்கிளே எம்மக்களின் கால். இலங்கையிற் பதிவான வாகனங்களில் அரைப்பங்குக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. ஒரு மக்கட் கூட்டத்தின் காலாக விளங்கும் பொருளை முடமாக்குவது ஒருவரின் தனிப்பட்ட விளையாட்டாகாது. அது பொதுக்காரியம். ஆகவேதான் எழுதுகின்றோம்.

நடப்பது யாது? தந்தை தவணைக் கடனுக்கு வாங்கிய ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டரையோ பஜாஜ் சீ.டீ. 100 வண்டியையோ மகன் கராச்சுக்குக் கொண்டு செல்கின்றான். சைலன்சரின் குடல் பிடுங்கப்படுகின்றது. காற்று வடிகட்டிப் பெட்டி கழற்றி வீசப்பட்டு, அவ்விடத்திற் கூம்பு வடிவிலான திறந்த வடிகட்டி ஒன்று மாட்டப்படுகின்றது. பெரிய காபரேற்றர் ஏறுகின்றது. பணம் மிஞ்சினால் சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்ரனும் போடப்படுகின்றது. இதற்கு ‘வலுக் கூட்டுதல்’ என்று பெயர். வலு கூடுகின்றதோ இல்லையோ, ஊருக்குத் தலைவலி கூடுகின்றது என்பதில் ஐயமில்லை.

சிக்கனத்துக்கெனப் படைக்கப்பட்ட இயந்திரத்தில் வேகத்தைத் தேடுவது பயனற்ற செலவு என்பது எமது துணிபு. பயனற்றது மட்டுமன்று, எம்மைப் போன்ற மக்களுக்கு அது கேடும் ஆகும். இதனை உணர்ச்சியால் அன்றி, கணக்கினாலும் சட்டத்தினாலும் அனுபவத்தினாலும் நிறுவ முன்வருகின்றோம்.

இயந்திரத்தின் இயல்பு

ஸ்பிளெண்டர் 1994 இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. அதன் இயந்திரம் 97.2 சீ.சீ. அளவினது, ஏறக்குறைய 8 குதிரை வலுவைத் தருவது. இதை ஏழையின் இயந்திரம் என்று இகழ்வோர், அதை அமைத்த பொறியியலாளரின் அறிவை அறியாதோர் ஆவர். காற்றும் பெற்றோலும் புகும் வழியை அவர்கள் குறுக்கி வைத்தது கஞ்சத்தனத்தால் அன்று. குறைந்த சுழற்சியிலேயே இழுவை கிடைக்கவேண்டும் என்பதற்காகவே அவ்வாறு வைத்தனர். ரயரை ஒடுக்கியது உராய்வைக் குறைப்பதற்காக. உடலை மெலியவைத்தது எரிபொருள் மிஞ்சுவதற்காக. வால்வு, பற்சக்கரம், கிளச், எண்ணெய்ப் பம்பி, பிறேக் ஆகிய யாவும் அந்த 8 குதிரை வலுவுக்கு அளந்து செய்யப்பட்டவை.

ஒன்றுக்கொன்று பொருந்திய குடும்பம் அது. அதில் ஓர் உறுப்பை மட்டும் மாற்றினால் விளைவது யாது? காற்று அதிகமாகப் புகுந்து பெற்றோல் அதற்கேற்பக் கூடாவிடின் கலவை மெலியும். மெலிந்த கலவை இயந்திரத்தை மிகையாகச் சூடேற்றும். பிளக்கின் முனை வெளுக்கும், வெளியேற்று வால்வு கருகும். அதைத் திருத்தப் பெரிய ஜெற் போட்டால் வண்டி பெற்றோலைக் குடிக்கத் தொடங்கும். அழுத்தத்தைக் கூட்டினால் 92 ஒக்ரேன் போதாது. விலைகூடிய 95 வேண்டும். திறந்த வடிகட்டியோ வன்னியின் கிரவல் வீதிப் புழுதிக்கு வாசலைத் திறந்துவிடுகின்றது. அப்புழுதி சிலிண்டரின் சுவரைக் கீறும். சில மாதங்களில் நீலப்புகை கிளம்பும். வலுவைத் தேடிச் சென்றவன், இருந்த வலுவையும் இழந்து திரும்புவான்.

கணக்குப் பேசட்டும்

வேகத்தில் ஓடும் வண்டிக்குப் பெரும் பகை காற்றே. காற்றை வெல்ல வேண்டிய வலு, வேகம் கூடக் கூட அதனிலும் பன்மடங்கு விரைவாகக் கூடுகின்றது. வேகம் இரட்டித்தால் அந்த வலு எட்டு மடங்கு வேண்டும். மணிக்கு 80 கிலோமீற்றரில் ஓடும் வண்டி 100 கிலோமீற்றரை எட்டவேண்டுமாயின் ஏறத்தாழ இரு மடங்கு வலு வேண்டும். சைலன்சரை வெட்டுவதால் வலு இரட்டிக்குமா? ஒருபோதும் இரட்டியாது. பெரும் பணத்தைச் செலவிட்டு நூற்றுக்குப் பத்து வீதம் வலு கூடியதென்றே வைத்துக்கொள்வோம். 80 கிலோமீற்றரில் ஓடியது 82½ கிலோமீற்றரில் ஓடும். 20 கிலோமீற்றர்ப் பயணத்தில் மிஞ்சும் நேரம் அரை நிமிடம்! அந்த அரை நிமிடத்தை மிச்சம்பிடித்து எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போகின்றார்கள் என்று கேட்கின்றோம்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். நல்ல நிலையிலுள்ள வண்டி ஒரு லீற்றருக்கு 60 கிலோமீற்றர் ஓடுகின்றது என்றும், மாற்றியமைத்த பின் 45 கிலோமீற்றர் ஓடுகின்றது என்றும் கொள்வோம். நாளொன்றுக்கு 30 கிலோமீற்றர் ஓடும் உழவனுக்கு, 300 நாட்களில் முன்னையது 150 லீற்றர். பின்னையது 200 லீற்றர். வேறுபாடு 50 லீற்றர். லீற்றர் 300 ரூபா எனினும் 15,000 ரூபா காற்றோடு போகின்றது. இது ஆண்டுதோறும் செலுத்தும் வரி. எந்த அரசாங்கமும் விதிக்காத வரி. எமது தலையில் நாமே விதித்துக்கொள்ளும் வரி!

2022 ஐ மறந்துவிட்டோமா? அவ்வாண்டு யூன் மாத இறுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றருக்கு 470 ரூபாவாக உயர்ந்தது. பின்னர் கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தனர். அந்த 4 லீற்றரில், மேலே கூறிய கணக்கின்படி, கெடுக்கப்படாத வண்டி 240 கிலோமீற்றர் ஓடும். கெடுக்கப்பட்டது 180 கிலோமீற்றர் ஓடும். அந்த 60 கிலோமீற்றர் வேறுபாட்டில்தான் மரக்கறி சந்தைக்குப் போவதும் போகாமல் அழுகுவதும், பிள்ளை பாடசாலைக்குப் போவதும் வீட்டில் இருப்பதும் அடங்கியிருந்தன.

முன்னையோர் செய்த மாற்றம்

மோட்டார் சைக்கிளை மாற்றியமைக்கும் கலை எமக்குப் புதிதன்று. 1990 இல் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டுப் பெற்றோல் மறுக்கப்பட்டபோது எமது மக்கள் கைகட்டி நின்றார்களா? ஹொண்டா சீ-90 வண்டிகளையும் எம்.டி. 90 வண்டிகளையும் மண்ணெண்ணெயில் ஓடச்செய்தனர். சூப்பிப் போத்தலிற் பொன்போற் காத்த சில துளிப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை எழுப்பினர். அது சூடேறியதும் மண்ணெண்ணெயுக்கு மாற்றினர். வண்டி புகை கக்கியது, இருமியது, வழியில் நின்றது. எனினும் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தது. ஆசிரியரைப் பாடசாலைக்குக் கொண்டு சேர்த்தது. பெயர் தெரியாத கராச்சுத் தொழிலாளரின் கைத்திறன் அன்று ஒரு சமூகத்தை நடமாட வைத்தது.

அன்றைய மாற்றத்தையும் இன்றைய மாற்றத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அன்று, இல்லாமையிலும் இயங்குவதற்காக இயந்திரத்தை மாற்றினோம். இன்று, இருப்பதை விரைவில் இல்லாமற் செய்வதற்காக மாற்றுகின்றோம். அன்று பிறர் எம்மீது சுமத்திய பஞ்சத்தை அறிவினால் வென்றோம். இன்று அறிவைச் செலவிட்டுப் பஞ்சத்தை வாங்குகின்றோம். இது முன்னேற்றமா? நெஞ்சிற் கைவைத்துக் கூறுக!

சட்டம் கூறுவது

வேகத்தை விரும்புவோர் சட்டத்தையும் சிறிது சிந்திக்கவேண்டும். வாகனப் பதிவுச் சான்றிதழில் இயந்திரத்தின் சீ.சீ. அளவு எழுதப்பட்டுள்ளது. சிலிண்டரைக் குடைந்து அந்த அளவைக் கூட்டியவனின் கையில் இருப்பது, தன் வண்டியைப் பற்றிப் பொய் கூறும் சான்றிதழாகும். காப்புறுதியோ நல்லெண்ணத்தின்மீது நிற்கும் ஒப்பந்தம். முக்கியமான உண்மையை மறைத்தவனுக்குத் தன் வண்டியின் நட்டத்தைக் கோரும்போது கதவு அடைக்கப்படக்கூடும். விபத்து நேர்ந்து வழக்கு மன்றேறினால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலிற் கேட்கும் கேள்வி, வண்டி எந்நிலையில் இருந்தது என்பதே. வெட்டிய சைலன்சரும் குடைந்த சிலிண்டரும் அங்கே உரிமையாளனுக்கு எதிரான சாட்சிகளாக எழுந்து நிற்கும். அச்சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய இயலாது.

சட்டத்தினும் கடுமையானது இயற்கையின் விதி. மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடும் வண்டியை நிறுத்தத் தேவையான தூரத்திலும், 80 கிலோமீற்றரில் ஓடுவதை நிறுத்த ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு தூரம் வேண்டும். இயந்திரத்துக்கு வலு ஊட்டியவர் பிறேக்குக்கு என்ன ஊட்டினார்? அதே சிறிய டிரம் பிறேக். அதே ஒடுங்கிய ரயர். எமது வீதிகளிலோ ஒருபுறம் நெல் காய்கின்றது, மறுபுறம் மாடு படுத்திருக்கின்றது. இந்நாட்டு வீதிகளில் உயிரிழப்போரில் மோட்டார் சைக்கிளோட்டிகள் பெரும்பங்கினர். போரிலே பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார், எஞ்சிய பிள்ளையை வீதிக்குப் பலிகொடுக்க வேண்டுமா?

எதிர்வாதம்

“இளமையில் வேகத்தை விரும்பாதவர் யார்? எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்த்தால் வாழ்வில் இன்பம் ஏது?” என்று கேட்பர். இவ்வாதத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கும் ஆவல் அறிவின் தொடக்கம். 1946 இல் சொய்சிரோ ஹொண்டா, போரில் எஞ்சிய சிறு இயந்திரங்களைத் துவிச்சக்கரவண்டியிற் பொருத்தித்தான் தம் தொழிலைத் தொடங்கினார். ஆனால் அவர் செய்தது யாது? போக்குவரத்தின்றித் தவித்த மக்களுக்குக் குறைந்த செலவில் நடமாட்டத்தைக் கொடுத்தார். எமது இளைஞரின் கைத்திறனும் அவ்வழியே செல்லட்டும். நீரிறைக்கும் பம்பிக்கும் களையெடுக்கும் கருவிக்கும் மின்சாரத்தில் ஓடும் வண்டிக்கும் அத்திறன் வேண்டியிருக்கின்றது. வலுவே வேண்டுமென்போர் பணம் சேர்த்து, அதற்கென அமைந்த சட்டகமும் டிஸ்க் பிறேக்கும் கொண்ட 150 சீ.சீ. வண்டியை வாங்கட்டும். கழுதையின் காலில் இலாடம் அடித்துக் குதிரையாக்க முயல்வது கழுதைக்கும் கேடு, இலாடத்துக்கும் கேடு.

எல்லா மாற்றமும் தீதென்று நாம் கூறவில்லை. மூட்டை ஏற்றும் உழவன் பின் ஸ்பிரிங்கை உறுதிப்படுத்துவது நியாயம். பாரத்தோடு மணலிற் செல்பவன், உச்ச வேகம் குறைந்தாலும் இழுவை கூடும்படி பின் பற்சக்கரத்தில் இரண்டொரு பற்களைக் கூட்டுவதும் நியாயம். நல்ல ரயர், புதிய பிறேக் சூ, இருளைக் கிழிக்கும் முன்விளக்கு ஆகியவற்றுக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாவும் தகும். செயினைத் துடைத்து எண்ணெயிடுவதும், ரயருக்கு அளவாகக் காற்றடிப்பதும், வால்வின் இடைவெளியைச் சரிபார்ப்பதும், உரிய காலத்தில் எண்ணெய் மாற்றுவதும், புழுதிக் காலத்தில் வடிகட்டியைச் சுத்தம் செய்வதும் இழந்த வலுவை மீட்டுத் தரும். பலர் ‘வண்டிக்கு வலுப் போதாது’ என்று முறையிடுவது, வலுவில்லாமையால் அன்று; பராமரிப்பு இல்லாமையால்.

பெற்றோரே! மகன் பணம் கேட்கும்போது எதற்கென்று கேளுங்கள். இளைஞரே! தவணைக்காரன் மாதந்தோறும் வாசலில் வந்து நிற்பது உங்கள் தந்தையைத் தேடியே என்பதை மறவாதீர். கராச்சுத் தொழிலாளத் தோழரே! இன்று வெட்டிக் கொடுக்கும் சைலன்சருக்குக் கூலி கிடைக்கும். நாளை அவ்வீட்டில் எழும் அழுகைக்கு யார் விடை கூறுவது?

எவர் தடுத்தாலும் நடமாடுவோம் என்று மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிக் காட்டிய மக்கள் நாம். ஒரு துளியில் நெடுந்தூரம் செல்லும் திறனே அன்று எமக்குக் கைகொடுத்தது. அத்திறனை இரைச்சலுக்கு விற்றுவிடாதீர்!