சுளுக்கை நீவாதீர்கள்!



நல்ல மழை பெய்து ஓய்ந்தால் எங்கள் குரும்பலூர் இளவட்டங்கள் லாடபுரம் வழியாகப் பச்சைமலை மயிலூற்று அருவிக்குக் கிளம்பிவிடுவார்கள். அண்மையில் நாங்களும் போனோம். பாதி வழியில் பாசி பிடித்த பாறையில் கால் பிசகி, தம்பியின் கணுக்கால் இட்லி போல வீங்கிவிட்டது. அருவியைப் பார்க்காமலே இறங்கினோம்.

கூட வந்த பெரியவர் எண்ணெய் போட்டு நீவிச் சுளுக்கெடுக்கத் துடித்தார். அவரைத் தடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது! புதுச் சுளுக்கை நீவினால் வீக்கம் கூடும். எலும்பில் விரிசல் இருந்தால் கேட்கவே வேண்டாம். துண்டால் அளவாகக் கட்டி, காலை உயர்த்தி வைத்து, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை 20 நிமிடம் போட்டாலே வலி மட்டுப்படும். ஊன்றி நாலடி வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். 108-ஐ அழைக்கலாம்தான், மலை மடிப்பில் சிக்னல் கிடைக்க வேண்டுமே!

வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் உள்ளூர் வழிகாட்டிகள் கூடவே வருகிறார்கள். அதேபோல் பச்சைமலை இளைஞர்களுக்கும் முதலுதவிப் பயிற்சி தந்து, மழைக்காலத்திலாவது அருவிப் பாதையில் பணியமர்த்த மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டும்.

- வாசகர், குரும்பலூர், பெரம்பலூர் மாவட்டம்.